பின்னுக்கு நின்ற பிள்ளை

ஹேர்னிங் தமிழ்ச் சபையில் உலகப் பாட்டு பாவம். கைத்தொலைபேசி சினிமாப் பாட்டில் மணியடித்த குற்றத்துக்காக ஒரு மனிதரை எழுப்பி நிற்க வைத்து, பாஸ்டர் ஜெபநேசன் முக்கால் மணி நேரம் பிரசங்கித்த சபை அது. அதே பாஸ்டர்தான் மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி, புரொஜெக்டரைத் தன் கையாலேயே தூக்கிவந்து வைத்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சபையின் குஞ்சு தபிதா அன்றைக்கு டென்மார்க்கின் பெயரால் ஐரோப்பியப் பாட்டுப்போட்டியின் அரையிறுதியில் பாடவிருந்தாள்.

தபிதாவுக்கு இருபத்தைந்து வயது. தகப்பன் நேசராஜாவுக்கு மெத்தை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. தாய் இன்பமலர் இறந்து ஐந்து வருடம். ஒரே பிள்ளை என்றுதான் ஊர் அறியும். பெப்ரவரியில் நாடே வாக்களித்து அவளைத் தேர்ந்தெடுத்த மறுநாள், இருபது வருடம் தலையசைத்ததோடு நின்றுகொண்ட பக்கத்து வீட்டு டேனிஷ்காரர்கூட ஒரு சின்னக் கொடியோடு வாசலில் வந்து நின்றார்.

பாட்டில் கர்த்தர் எங்கும் வரவில்லை. மழைக்கு ஒரு குடைக்குள் ஒதுங்குகிற இரண்டு பேரைப் பற்றிய துள்ளல் பாட்டு அது. 'கொஞ்சம் தள்ளி நில், எனக்கும் இடம் விடு' என்று திரும்பத் திரும்ப வரும். பாஸ்டர் அதற்கும் ஓர் ஆவிக்குரிய அர்த்தம் கண்டுபிடித்து, ஏப்ரலில் மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவித்துவிட்டார். தபிதா என்பது வேதாகமத்தில் செத்து எழும்பினவளின் பெயர் என்று விசுவாசிகள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஜெபமும் அப்படியே அமைந்தது. அறுபது பேர் பட்டினி கிடந்து, கைகளை உயர்த்தி, "தபிதா எழும்பட்டும், தபிதா எழும்பட்டும்" என்று ஒரே குரலில் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன.

அத்தனை பேருக்கு நடுவில் நேசராஜா மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். பக்தி முற்றி நாவடைத்துப் போனார் என்று சனம் நினைத்தது. மடியில் கனம் இருப்பவனுக்குத்தான் வழியில் பயம். அவர் மடியில் இருந்தது ஒரு கடிதம். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டென்மார்க்கில் இருப்பவர் டென்மார்க்குக்கு வாக்களிக்க முடியாது என்பது போட்டி விதி. நம்மவர்களுக்கு அது ஒரு தடையா? சூரிச்சில் மச்சான், ஒஸ்லோவில் தங்கச்சி, பாரிஸில் சித்தப்பாவின் மக்கள், டோர்ட்முண்டில் ஒரு பெட்டி நிறையச் சொந்தம். நேசராஜா ஒரு கிழமை தொலைபேசியும் கையுமாக இருந்தார். வேறு எந்த டேனிஷ் பாடகிக்கும் இந்தப் பாக்கியம் வாய்த்திருக்காது.

செவ்வாய்க்கிழமை அவளுடைய முறை வந்தது. அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னார். அதே நிமிடம் முப்பத்தைந்து நாட்டு அறிவிப்பாளர்களும் அவரவர் நாக்கால் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள். மஞ்சள் உடை, கையில் ஒரு குடை, அந்தப் பெரிய மேடையில் அவள் ஒருத்தி மட்டும். முதல் பாதியில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டாம் பாதி தொடங்கும்போது அவள் தலையைச் சற்றுத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு வாய் அசைந்தது, குரல் வரவில்லை. நாலு வரி அப்படியே போயிற்று. குரல் மீண்டபோது சுருதி கைவிட்டுப் போயிருந்தது.

இறுதிக்குப் போகும் பத்து நாடுகளின் பெயரை வாசித்தார்கள். டென்மார்க் இல்லை. பாஸ்டர் எழுந்து புரொஜெக்டரை நிறுத்தினார். சனம் பொரித்து வைத்திருந்த ரோல்ஸில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிற்று. துக்கம் துக்கம்தான், அதற்காக ரோல்ஸை ஆறவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முழு விபரமும் வெளிவந்தது. டென்மார்க் கடைசி. புள்ளி பூச்சியம்.

"அது எப்பிடிப் பூச்சியம்? எங்கட ஆக்கள் அவ்வளவு பேரும் போட்டவையெல்லே?" என்று நேசராஜா கபிலனிடம் கேட்டார். கபிலன் சபையில் கணினி, ஒலிபெருக்கி எல்லாம் பார்க்கிற பெடியன். கணினி வேலையில் இருக்கிறவன்.

"அண்ணை, ஒரு நாட்டில முதல் பத்துக்குள்ள வந்தாத்தான் புள்ளி. எங்கட ஆக்கள் போட்டது கடலில உப்புப் போட்ட மாதிரி."

விளக்கம் விளங்கியது. விளங்காதது சூரிச் மச்சானின் அழைப்பு. அவர் இன்பமலரின் தம்பி.

"அத்தான், நாங்கள் குடும்பத்தோட போட்டனாங்கள். பிள்ளையள் நல்லாத்தான் பாடினவை."

"பிள்ளையளோ?"

"ஓம். தபிதாவும் பின்னுக்கு நிண்ட பிள்ளையும். ஆர் அது? தபிதான்ர அதே சாயல். நான் முதல்ல கண்ணாடி வைச்சுக் காட்டுறாங்கள் எண்டு நினைச்சன். ஆனா அந்தப் பிள்ளையிட்டக் குடை இல்லை."

வெளிச்ச வித்தை ஏதாவது இருக்கும் என்று நேசராஜா சமாளித்தார். மாலையில் ஒஸ்லோத் தங்கச்சி எடுத்தாள். அவளுக்கும் சூரிச் மச்சானுக்கும் ஒரு கல்யாண வீட்டுக் கதையில் பேச்சுவார்த்தை நின்று பன்னிரண்டு வருடம். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டிருக்க வழியில்லை.

"அண்ணை, பின்னுக்கு நிண்டு பாடின பிள்ளைக்கு ஏன் சப்பாத்துப் போடேல்லை?" என்றாள் அவள். "வெறுங்கால். அது நடுங்கிக்கொண்டு நிண்டது எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. ஆனா பாவம், அதின்ர வாய் தபிதான்ர வாய்க்கு முந்தி முந்திப் பாடினது."

நேசராஜா தொலைபேசியை வைத்துவிட்டு, கபிலன் அனுப்பிய காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மேடையில் தபிதா ஒருத்திதான். பின்னால் நீல வெளிச்சம், வெறும் தரை. இரத்தச் சொந்தங்கள் கண்டது பெற்றவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருக்கு உள்ளங்கால் குளிர்ந்தது, அது ஏன் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை தபிதா வீட்டுக்கு வந்தாள். தலைநகருக்குப் பக்கத்துப் புரொண்பியில் அவளுக்கென்று ஒரு வீடு இருந்தாலும், பெட்டியோடு ஹேர்னிங்குக்கே வந்துவிட்டாள். அந்த வீட்டின் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி. அவள் டேனிஷில் பேசுவாள், அவர் தமிழில் பதில் சொல்வார், இரண்டும் ஒரு தடையுமின்றி ஓடும். அன்றைக்கு அவள் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ என்னோடு பாடினாள், அப்பா," என்றாள்.

"ஆர் பாடினது?"

"தெரியவில்லை. காதுக்குள் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரில் என் குரலும் இசையும் மட்டும்தான் வர வேண்டும். அதில் இன்னொருத்தி வந்தாள். அதே மெட்டு, அதே சொல். ஆனால் எனக்கு ஒரு மயிரிழை முன்னால். பாட்டு அவளுடையது, நான்தான் பின்னால் ஒட்டிக்கொண்டு பாடுகிறேன் என்பது மாதிரி. நான் அவளுக்கு வழிவிட்டேன். அப்போதுதான் என் குரல் போயிற்று."

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரிபன் என்ற டேனிஷ்காரர் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாராம். எந்தத் தடத்திலும் இரண்டாவது குரல் இல்லை. ஆனால் பாட்டுத் தொடங்குமுன் ஒருவர் மூச்சு இழுக்கும் சத்தம் இருந்தது. அது உன் மூச்சுத்தான் என்றார் ஸ்ரிபன்.

"அது என் மூச்சு இல்லை. நான் அப்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்," என்றாள் தபிதா. "நான் சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. திங்கட்கிழமை மனநல மருத்துவரிடம் போகிறேன். கோடைகால நிகழ்ச்சிகளை எல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்."

"ஏன் பிள்ளை, களைப்பா இருக்கும். நித்திரை கொண்டாச் சரியாப் போம்," என்றார் நேசராஜா.

அடுத்த நாள் அவருக்குக் காலை வேலை. பிற்பகல் மூன்று மணிக்கு வீடு திரும்பினார். நல்ல வெயில். வீடு முழுக்க மே மாத வெளிச்சம், ஒளிந்துகொள்ள ஒரு மூலை கிடையாது. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, படிக்கட்டின் கீழே நின்று வழக்கம்போலக் கூப்பிட்டார்.

"தபிதா, தேத்தண்ணி போடட்டோ?"

"ஓம், அப்பா," என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அவர் கேத்திலை வைத்தார். இரண்டு கோப்பை எடுத்தார். சீனியைப் போட்டுக் கலக்கும்போதுதான் கை நின்றது. தபிதா 'ஓம்' என்று சொல்வதில்லை. நாக்குத் திருந்திய நாளிலிருந்து அவள் சொல்வது டேனிஷ் 'யா'தான். சரி, இன்றைக்குத் தகப்பன்மேல் பாசம் வந்திருக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தபிதா கடைப் பையோடு வாசலால் உள்ளே வந்தாள்.

அவர் கையிலிருந்த கோப்பைகளை அவள் பார்த்தாள். பிறகு படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை.

"உங்களுக்கும் கேட்டதா?"

"என்னது? ஒண்டும் கேக்கேல்லையே."

அவள் பையை நிலத்தில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சப்பாத்தோடு உட்கார்ந்துவிட்டாள். "நீங்கள் என் பெயரைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், நான் வாயைத் திறக்கும் முன்னால் ஒருத்தி 'ஓம்' என்கிறாள். மேடையில் தொடங்கியது. இங்கே வந்த பிறகு தெளிவாகக் கேட்கிறது. எனக்கு மருந்து தருவார்கள், அப்பா. மருந்து எடுத்தால் அவள் போய்விடுவாள், பாட்டும் போய்விடும். என் மண்டைக்குள் ஏதோ உடைந்துவிட்டது."

இருபத்தைந்து வயதுப் பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தன் மகளுடைய மண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் ஆறிய தேத்தண்ணியோடு நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் மகள் தப்புவாள். ஆனால் இருபத்தைந்து வருடமாக அவளுக்கும், அவளைப் பெற்றவளுக்கும் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். மகள் பிழைப்பாள், தகப்பன் அவளுக்கு இல்லாமல் போவான். நேசராஜா அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவரை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் அவர்கள் பிரெடெரிசியா என்ற ஊரில் இருந்தார்கள். இன்பமலருக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். முதல் பிள்ளை பிறந்ததும் அதைக் கையில் வாங்கி, "தபிதா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அத்தோடு அவளுக்கு இரத்தம் நிற்காமல் போய், நினைவு தப்பியது. இரண்டாவதை அவள் பார்க்கவேயில்லை. அதற்கு நவோமி என்று முன்பே பெயர் யோசித்து வைத்திருந்தார்கள். மூத்தது ஒன்பதாம் நாள் செத்துப்போயிற்று. நேசராஜா தனியாளாகப் போய், தபிதா என்ற பெயரில் அதை அடக்கம் செய்தார். சேமக்காலையில் கல்லறைக்கு இருபத்தைந்து வருடத்துக்கு இடம் எழுதிக் கொடுத்தார்கள். டென்மார்க்கில் செத்தவருக்கும் நிலம் தவணைக்குத்தான்.

அடக்கம் முடிந்து ஆசுபத்திரிக்கு வந்தால், காய்ச்சலில் கொதித்துக்கொண்டு இன்பமலர் கண் திறந்திருந்தாள். "தபிதாவைக் கொண்டாங்கோ. என்ர தபிதாவைக் கொண்டாங்கோ," என்று பிதற்றினாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிய நேரம். நேசராஜா உயிரோடிருந்த பிள்ளையைத் தூக்கி அவள் கையில் வைத்து, "இந்தா தபிதா," என்றார். அன்றிரவே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. இறங்கின காய்ச்சலை ஏற்றிவிட எந்தப் புருஷனுக்கு மனம் வரும்? பிறகு பக்குவமாக, நவோமி போய்விட்டாள் என்று சொன்னார். பிள்ளைக்குப் பெயர் பதியப் போனபோது எழுதுகிற பெண், இதே பெயர் செத்த பிள்ளைக்கும் இருக்கிறதே, அதையேதான் வைக்கிறீர்களா என்று டேனிஷில் கேட்டாள். அவர் "யா" என்றார். எதற்கும் 'யா' சொல்லிப் பிழைத்த காலம் அது.

இன்பமலர் கல்லறைக்கு ஒருநாளும் போகவில்லை. "என்ர பிள்ளை அங்க இல்லை, கர்த்தரிட்ட இருக்கு," என்பாள். சபையார் அப்படித்தான், கல்லறை கொண்டாடமாட்டார்கள். அது நேசராஜாவுக்கு வசதியாயிற்று. ஒரு வருடத்தில் ஹேர்னிங்குக்கு மாறி வந்தார்கள். பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். இன்பமலர் சாகும்போது, "என்னை நவோமிக்குப் பக்கத்தில வையுங்கோ," என்று கேட்டாள். கல்லில் இருக்கும் பெயரை ஊர் பார்க்குமே என்று, அவர் அவளை ஹேர்னிங்கிலேயே அடக்கம் செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன் கடைசிவரை சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜனவரியில் அந்தக் கடிதம் வந்தது. அந்த வீட்டுக்கு வரும் டேனிஷ் கடிதம் ஒவ்வொன்றையும் ஏழு வயதிலிருந்து வாசித்துச் சொன்னவள் தபிதா. வரிக் காரியாலயம், ஆசுபத்திரி, தண்ணீர்க் கணக்கு எல்லாவற்றுக்கும் அவள் வாய்தான் அவருடைய கண். இந்தக் கடிதத்தின் நடுவில் 'தபிதா நேசராஜா' என்று இருந்ததை மட்டும் அவரால் வாசிக்க முடிந்தது. மற்றதை யாரிடம் கொடுத்து வாசிப்பது? அவளிடம் கொடுக்க முடியாது. சபையில் ஒருவரிடமும் கொடுக்க முடியாது. பிறகு பார்ப்போம் என்று சட்டைப் பையில் மடித்து வைத்தார். பிறகு மகள் நாடறிந்தவளாகிவிட்டாள், வீட்டில் கொடியும் கேக்குமாக இருந்தது. கடிதம் பையிலேயே கிடந்தது. உபவாச ஜெபத்தன்றும் அங்கேதான் கிடந்தது.

சனிக்கிழமை காலை தபிதா அடுப்படியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேசராஜா இரவு முழுக்கத் தூங்கவில்லை. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவர் மேசைக்கு வந்து, மடிப்பு மடிப்பாகத் தேய்ந்துபோன கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு, பிள்ளை."

பழகின வேலை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை விரித்தாள். சின்ன வயதில் வாசிக்கும் அதே குரலில், ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தன் அரைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"இது பிரெடெரிசியாச் சேர்ச்சில இருந்து வருது. சேமக்காலை ஒபிஸ். உங்கட கிரேவ் ஒண்டு இருக்காம். இருபத்தஞ்சு வருஷம் முடியுதாம். வேணுமெண்டாச் சொல்லட்டாம். மார்ச் கடைசிக்குள்ள சொல்லாட்டி, கல்லை எடுத்துப்போட்டு இடத்தைச் சமன் செய்வினமாம். அதில இருக்கிற ஆளின்ர பேர்..."

அவள் நிறுத்திவிட்டாள். கடிதத்தை மேசையில் வைத்து, பெயருக்குக் கீழே விரலை வைத்தாள்.

"நான் செத்தே போயிட்டன்?"

நேசராஜா சொல்லத் தொடங்கினார். ஆசுபத்திரி, காய்ச்சல், "இந்தா தபிதா," எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. கேட்டு முடிந்ததும் அவள் எழுந்து கார்ச் சாவியை எடுத்தாள். அவரிடம் நீட்டி, "நீங்கள் ஓட்டுங்கள்," என்று டேனிஷில் சொன்னாள்.

பிரெடெரிசியாவுக்கு ஒன்றேகால் மணி நேர ஓட்டம். வழி முழுக்கக் கடுகு மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. பேசாத மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டுவது அந்த மனிதருக்கு அடி வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சேமக்காலையில் மாக்கிரட் என்ற பெண் சேற்றுச் சப்பாத்தோடு செடிகளுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே வேலை செய்பவள். கடிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது.

"பதில் வரவில்லை. ஏப்ரல் ஏழாம் தேதி எடுத்துவிட்டோம்," என்றாள். ஜெபம் தொடங்கியது எட்டாம் தேதி. "வாருங்கள், காட்டுகிறேன். எனக்கே அந்த இடத்தில் ஒரு குழப்பம்."

வரிசையாகச் சின்னக் குழந்தைகளின் கற்கள். நடுவில் பசும்புல். புல்லின் நடுவில் ஒரு கை நீளத்துக்குக் கறுத்த மண், ஒரு முளைகூட இல்லாமல்.

"இரண்டு தடவை விதைத்துவிட்டேன். சுற்றிவர எல்லாம் முளைத்துவிட்டது. இந்த இடம் மட்டும் ஏற்கமாட்டேன் என்கிறது," என்றாள் மாக்கிரட். "கல்லை உடைக்கவில்லை. மாதக் கடைசிவரை மதிலோரம் வைத்திருப்போம். யாராவது வருவார்கள்."

மதிலோரம் கற்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு சாய்ந்து நின்றன. கடைசிக் கல் சின்னது. கடற்கரைக் கல், சாம்பல் நிறம், ஒரு ரொட்டிப் பாண் அளவு. அதில் தபிதா என்று மட்டும் டேனிஷ் எழுத்தில் வெட்டியிருந்தது. மாக்கிரட் அவர்களை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

மகள் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எழுத்துக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"இருபத்தைந்து வருடமாக நீங்கள் இவளைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்," என்றாள் டேனிஷில், திரும்பாமலே. "பதில் மட்டும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில், சபையில், அந்த மேடையில். எல்லோரும் இவளைக் கூப்பிட்டார்கள். இவளுக்கு இருந்த இடத்தையும் எடுத்துவிட்டு, வா வா என்று கூப்பிட்டால் பிள்ளை வராமல் என்ன செய்யும்?"

நேசராஜா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். "தபிதா," என்று கல்லைப் பார்த்துச் சொன்னார். "அப்பா உன்னை ஒளிச்சுப்போட்டன் அம்மா. உன்ர பேரை எடுத்துப்போட்டு உன்னைத் தனிய விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்."

மகள் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். பதினொரு நாளாக அந்தப் பெயரைக் கேட்டவுடன் செய்வதுபோல. அவள் கண்கள் மெல்ல மூடித் திறந்தன. என்ன கேட்டது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அப்ப நான் ஆர்?" என்றாள் தமிழில்.

"நீ நவோமி."

"கூப்பிடுங்கோ."

இருபத்தைந்து வருடம் செத்தவளின் பெயர் என்று வைத்திருந்த பெயர் அது. இப்போது அதை உயிரோடிருப்பவளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நவோமி," என்றார்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். தனக்கு முன்னால் யாராவது வாய் திறக்கிறார்களா என்று காது கொடுத்தாள். மதிலுக்கு அப்பால் ஒரு பேருந்து போயிற்று. மாக்கிரட்டின் மண்வெட்டி கல்லில் உரசியது. வேறு ஒன்றும் இல்லை.

"ஓம்," என்றாள் நவோமி. சொல்லிவிட்டு, அந்தச் சின்னக் கல்லில் நெற்றியை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். நேசராஜா அவள் முதுகில் கை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தானே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கொண்டு போறது?" என்று அவர் கேட்டார். கல்லை இருவரும் தூக்கியிருந்தார்கள். அளவுக்கு மீறிப் பாரமாக இருந்தது.

"அம்மாட்ட," என்றாள். "அம்மா கேட்டவதானே, கொண்டாங்கோ எண்டு."

அவர் கல்லைத் தன் பக்கம் சாய்த்துப் பாரத்தை வாங்கிக்கொண்டார்.

கல்லைக் காரின் பின் ஆசனத்தில் வைத்தார்கள். மாக்கிரட் ஒரு பழைய சாக்கைக் கொடுத்து, வழியனுப்பினாள். கார் தெருவுக்கு வந்ததும் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. பின் ஆசனத்தில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று முன்னால் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. புதுக் கார்களின் குணம் அது, ஒரு மூட்டை அரிசி வைத்தாலும் கத்தும். நேசராஜா அப்படித்தான் சொல்ல நினைத்தார்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள் நவோமி.

அவள் இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். தன் மேற்சட்டையைக் கழற்றிக் கல்லைச் சுற்றிப் போர்த்தினாள். கால் இருக்கும் பக்கம் எது என்று தெரிந்தவள்போல அந்த முனையை இரண்டு மடிப்பாகச் சுற்றினாள். பிறகு பெல்ட்டை இழுத்துக் குறுக்கே போட்டு மாட்டினாள். சத்தம் நின்றது.

ஹேர்னிங் தெரு பிடித்து இருபது நிமிடம் போயிருக்கும். நவோமி கண்ணாடியில் சாய்ந்தபடி மெல்லப் பாடத் தொடங்கினாள். அந்தப் பூச்சியப் பாட்டுத்தான். கொஞ்சம் தள்ளி நில், எனக்கும் இடம் விடு. ஆனால் நேசராஜாவுக்கு மனப்பாடமான மெட்டு அது இல்லை. அதற்குக் கீழே இறங்கி நடக்கிற இன்னொரு மெட்டு. மூன்று மாதமாக எல்லோரும் முணுமுணுத்த மேல் மெட்டை அவள் தொடவேயில்லை, அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாடினாள்.

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். முன்னாலிருந்த கண்ணாடியில் பின் ஆசனத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. இன்பமலரிடம் போய்ச் சேரும்வரை, அந்தப் பாட்டு காருக்குள் முழுதாகக் கேட்டது.